கழிவுப்பாகில் சிக்கிய சர்க்கரை

போடிநாயக்கனூர் ஏலக்காய் வியாபாரிகளிடம் குரோமடோகிராபி என்று சொன்னால் ஆய்வகச் சான்றிதழ்தான் நினைவுக்கு வரும். வெளிநாட்டுக்குப் போகும் சரக்கில் பூச்சிக்கொல்லி எச்சம் எவ்வளவு, காய்க்குச் சாயம் ஏற்றியிருக்கிறார்களா என்பதையெல்லாம் அந்தச் சோதனைதான் காட்டிக்கொடுக்கும். எச்சம் அதிகம் என்று சவுதி அரேபியா இந்திய ஏலக்காயைத் திருப்பி அனுப்பிய பிறகு, ஏற்றுமதி செய்கிறவர்கள் யாரும் இந்தத் தாளை அலட்சியமாகப் பார்ப்பதில்லை.

பள்ளிக்கூடப் பாடநூலில் 'வண்ணப்பிரிகை' என்று வரும் இந்த முறை பிறந்ததே இலையின் பச்சையில்தான். மிகயீல் ஸ்வெட் என்ற ரஷ்யத் தாவரவியலாளர் 1900களின் தொடக்கத்தில் வார்சாவில் இதைச் செய்து காட்டினார். இலையை அரைத்து எடுத்த சாற்றை, சுண்ணத்தூள் அடைத்த கண்ணாடிக் குழாயின் மேலே ஊற்றினார். சாறு இறங்க இறங்க ஒரே பச்சையாகத் தெரிந்தது பிரிந்து, பச்சைக்கொரு பட்டையும் மஞ்சளுக்கொரு பட்டையுமாகக் குழாயில் தங்கியது. ஒவ்வொரு பொருளும் தூளோடு ஒட்டும் அளவு வேறு என்பதால், இறங்கும் வேகமும் வேறு. போடி ஏலத்தில் எட்டு எம்.எம். காய்க்கு விலை வைக்கிறவர்கள் கண்ணால் தேடுவதும் அந்தப் பச்சைதான். காயை உலர்த்தும் ஸ்டோரில் சூடு கொஞ்சம் மிஞ்சினாலும் போய்விடுகிற பச்சை.

சோதனைக்கூடத்தில் சொட்டுக் கணக்கில் நடக்கிற இந்த வேலையை டன் கணக்கில் செய்கிறவர்கள் பீட் சர்க்கரை ஆலைக்காரர்கள். கரும்பு விளையாத குளிர்நாடுகளில் சர்க்கரை என்றால் பீட் கிழங்குதான். அதில் சர்க்கரை இருப்பதை 1747இல் ஜெர்மானிய வேதியியலாளர் மார்க்கிராஃப் கண்டார். அவருடைய மாணவர் அக்கார்ட் 1800களின் தொடக்கத்தில் முதல் ஆலையைத் தொடங்கினார். அன்று முதல் ஆலைக்காரர்களைத் துரத்திய கவலை ஒன்றுதான்: கிழங்கில் இருக்கும் சர்க்கரை முழுவதும் மூட்டைக்கு வந்து சேருவதில்லை.

பாகைக் காய்ச்சிப் படிகம் எடுக்க எடுக்க, எஞ்சும் பாகில் உப்புகள் சேர்ந்துகொண்டே போகும். பொட்டாசியமும் சோடியமும் சர்க்கரையைப் படிகமாக விடாமல் கரைசலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். பீட் ஆலையில் ஒரு கிலோ அசுத்தம் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ சர்க்கரையைத் தன்னோடு இழுத்துப்போகும். இனிமேல் காய்ச்சிப் பயனில்லை என்ற நிலையில் வெளியே தள்ளப்படும் அந்தக் கரும்பாகுதான் மொலாசஸ், நம்மூரில் கழிவுப்பாகு. பீட் கழிவுப்பாகில் பாதி எடை சர்க்கரை. கிழங்கோடு வந்த சர்க்கரையில் சுமார் பத்தில் ஒரு பங்கு இப்படி வாசல் தாண்டிவிடுகிறது.

1970களில் பின்லாந்தின் சர்க்கரை நிறுவனம் இந்தப் பாகைக் குரோமடோகிராபிக்குக் கொடுத்துப் பார்த்தது. வீடு உயரத் தொட்டிகளில் மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு பருமன் உள்ள பிசின் மணிகளை நிரப்புகிறார்கள். மேலிருந்து பாகையும், பின்னாலேயே 80 டிகிரி வெந்நீரையும் மாறி மாறி விடுகிறார்கள். வேறு எந்த வேதிப்பொருளும் சேர்ப்பதில்லை. மணிகளுக்குள் ஏற்கெனவே மின்னேற்றம் இருப்பதால் உப்புகளுக்கு உள்ளே இடம் கிடைக்காது. மணிகளுக்கு இடையே உள்ள சந்துகளில் ஓடிச் சீக்கிரம் வெளியே வந்துவிடும். சர்க்கரைக்கு மின்னேற்றம் இல்லை. சந்தைத் தெருவில் கடை கடையாக ஏறி இறங்கி வருகிறவர் பின்தங்கிவிடுவதைப்போல, அது மணி மணியாக உள்ளே போய்த் திரும்பித் தாமதமாக வருகிறது. எல்லாவற்றுக்கும் கடைசியில் வருவது பீட்டைன். கோழித் தீவனத்திலும் அழகு சாதனங்களிலும் நல்ல விலைக்குப் போகும் சரக்கு அது.

ஒரு தொட்டியில் இப்படித் தவணை தவணையாகச் செய்தால் வெந்நீர் ஏகத்துக்கும் செலவாகும். அந்த நீரை ஆவியாக்க விறகோ கரியோ எரித்தாக வேண்டும். அதற்கு வழி பெட்ரோலியத் துறையில் இருந்து வந்தது. தொட்டிகளை வளையமாக இணைத்து, பாகு நுழையும் வாயையும் சர்க்கரை வெளியேறும் வாயையும் வால்வுகளால் அடுத்தடுத்த தொட்டிக்கு நகர்த்திக்கொண்டே போவதுதான் அந்த வழி. அமெரிக்காவின் யு.ஓ.பி. நிறுவனம் 1960களின் தொடக்கத்தில் கண்ட முறை இது. மணிகள் இருந்த இடத்திலேயே இருக்கும். ஆனால் அவை ஓட்டத்துக்கு எதிராக நகர்வது போன்ற பலன் கிடைக்கும். நீர் நீங்கலாகச் சர்க்கரைப் பங்கு 60 சதவீதமாக இருந்த பாகு 90ஐத் தாண்டி வெளியே வருகிறது. அதைத் திரும்பக் காய்ச்சிப் படிகம் எடுக்கலாம். அமெரிக்காவின் ரெட் ரிவர் பள்ளத்தாக்கில், விவசாயிகளே சொந்தமாக நடத்தும் அமெரிக்கன் கிரிஸ்டல் சுகர் கூட்டுறவு நிறுவனம் ஹில்ஸ்பரோ, ஈஸ்ட் கிராண்ட் ஃபோர்க்ஸ் ஆலைகளில் இப்படித்தான் கழிவுப்பாகில் இருந்து சர்க்கரையை மீட்கிறது.

சரி, இது தேனிக்கு ஆகுமா?

போடி மலையில் இருந்து கொட்டகுடி ஆறு இறங்கிப் போகும் சமவெளியில் தேனி மாவட்டத்தின் கரும்பு விளைகிறது. வைகை அணைக்குப் பக்கத்தில், வரதராஜ் நகரில் ராஜஸ்ரீ சர்க்கரை ஆலை இருக்கிறது. பக்கத்து மதுரை மாவட்டத்தில் அலங்காநல்லூர் கூட்டுறவு ஆலை கரும்பு வரத்து குறைந்து, அரவை நின்று சில ஆண்டுகளாகக் கிடக்கிறது. நூறு டன் கரும்பு அரைத்தால் நாலு முதல் ஐந்து டன் கழிவுப்பாகு மிஞ்சும். அதில் மூன்றில் ஒரு பங்கு சர்க்கரை. அதாவது, நூறு டன் கரும்பில் ஒன்றரை டன் சர்க்கரை மூட்டைக்கு வராமல் போகிறது. தமிழக ஆலைகள் பலவற்றின் பிழிதிறன், அதாவது கரும்பு எடையில் மூட்டைக்கு வரும் சர்க்கரையின் பங்கு, 9 சதவீதத்தை ஒட்டியே நிற்கும்போது, ஒன்றரை என்பது பெரிய எண்தான்.

ஆனால் கரும்புப் பாகு பீட் பாகைப் போன்றதல்ல. சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் பிசுக்கும் அதில் அதிகம். முதலில் வடிகட்டி, கடினத்தன்மையை நீக்கினால்தான் பிசின் மணிகள் தாங்கும். அதைவிடப் பெரிய தடை, பாகில் 15 முதல் 20 சதவீதம் வரை இருக்கும் குளுக்கோஸும் ஃபிரக்டோஸும். இவற்றுக்கும் மின்னேற்றம் இல்லை. சர்க்கரையோடு ஒட்டிக்கொண்டே வரும், பிரிப்பது கடினம். பீட் பாகில் இவை ஒரு சதவீதம்கூட இருப்பதில்லை.

விலைக் கணக்கும் எதிராகவே இருக்கிறது. எரிசாராய ஆலைக்கு எந்தச் சர்க்கரையானாலும் ஒன்றுதான். ஒரு டன் கழிவுப்பாகில் இருந்து சுமார் 225 லிட்டர் எத்தனால் கிடைக்கும். 2024-25க்கு மத்திய அரசு வைத்த விலை லிட்டருக்கு 57.97 ரூபாய். டன்னுக்கு 13,000 ரூபாய் ஆயிற்று. அதே டன்னில் உள்ள 330 கிலோ சர்க்கரையை ஒரு கிலோ விடாமல் மீட்டு, கிலோ 40 ரூபாய்க்கு விற்றாலும் வருமானம் அதே அளவுதான். இயந்திரமும் வெந்நீரும் கணக்கில் சேரவே இல்லை. 2018 முதல், ஒரு படி முன்னதாகவே படிகம் எடுப்பதை நிறுத்திவிட்டு, சர்க்கரை மிகுந்த பாகை எத்தனாலுக்குத் தர ஆலைகளுக்குத் தனி விலையே உண்டு. பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்கும் நாட்டில், பாகில் சர்க்கரை மிஞ்சுவது முன்போல் நஷ்டம் இல்லை.

பீட்டையே இங்கே கொண்டுவந்தால் என்ன என்ற யோசனையும் வராமல் இல்லை. ராஜஸ்தானின் ஸ்ரீகங்காநகர் ஆலை ஒரு காலத்தில் பீட்டும் அரைத்தது. வெப்பமண்டல ரகங்களைக் கோவை வேளாண் பல்கலைக்கழகம் 2000களில் சோதித்தது. ஐந்தாறு மாதத்தில் அறுவடைக்கு வரும் பயிர். அதைச் சீவி ஊறவைத்துச் சாறெடுக்கும் ஆலை தமிழகத்தில் இல்லாததால் பேச்சு அதோடு நின்றது.

ஆக, பீட் ஆலையின் தொட்டிகளை இங்கே நட்டுவைப்பதில் பொருளில்லை. ஆனால் அந்தத் தொட்டி காட்டித்தரும் உண்மை ஒன்று தேனிக்கு அவசியம். உப்பு பிடித்து வைத்திருக்கும் சர்க்கரையை மீட்க முடியும். குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் உடைந்துபோன சர்க்கரையை எந்த இயந்திரமும் மீட்காது. அந்த உடைவு ஆலைக்குள் மட்டும் நடப்பதல்ல. வெட்டிய கரும்பு வயலில் கிடக்கும்போதே, ஆலை வாசலில் டிராக்டர் வரிசையில் வெயிலில் காயும்போதே தொடங்கிவிடுகிறது. வெட்டிய 24 மணி நேரத்துக்குள் அரவைக்குப் போக வேண்டும் என்று கரும்பு அதிகாரிகள் சொல்வது இதற்காகத்தான். ஆள் கிடைக்காமல் தீ வைத்து வெட்டிய கரும்பென்றால் இழப்பு இன்னும் வேகம்.

இங்கேதான் விலைமுறை விவசாயிக்குத் துணை நிற்கவில்லை. 2025-26 பருவத்துக்கு மத்திய அரசின் விலை, 10.25 சதவீதப் பிழிதிறனுக்குக் குவிண்டாலுக்கு 355 ரூபாய். ஒவ்வொரு 0.1 சதவீதத்துக்கும் 3.46 ரூபாய் கூடும், குறையும். 9.5க்குக் கீழே போனால் மேற்கொண்டு பிடித்தம் இல்லை, 329.05 ரூபாயில் நின்றுவிடும். குறைந்த பிழிதிறன் உள்ள பகுதி விவசாயிக்கு இது பாதுகாப்பு, அது நல்லது. ஆனால் ஆலையின் பிழிதிறன் 8.8இல் இருந்து 9.4க்கு ஏறினாலும் இந்த விலையில் அவருக்கு ஒரு பைசா கூடாது. கணக்கும் ஆலை முழுவதற்குமான சராசரிதான். இன்று காலை வெட்டி மதியம் சேர்த்தவருக்கும் மூன்று நாள் காயவிட்டவருக்கும் வித்தியாசம் எடையில் மட்டும்தான் தெரியும்.

ரெட் ரிவர் விவசாயிக்கு இது அப்படியல்ல. அவர் கொண்டுவரும் கிழங்கில் மாதிரி எடுத்து, சர்க்கரையையும் பொட்டாசியம், சோடியம் அளவையும் சோதித்து, கழிவுப்பாகுக்குப் போகக்கூடியதைக் கழித்து, மூட்டைக்கு வரும் சர்க்கரைக்குப் பணம் தருகிறார்கள். உரத்தைக் குறைத்துப் போடுவதும் நல்ல ரகத்தைத் தேடுவதும் அவருடைய வரவில் நேராகத் தெரியும். அடிப்படை விலையில் கை வைக்காமல், அதற்கு மேல் ஓர் ஊக்கத்தொகையாக, லாரி வாரியாகச் சாறு சோதித்துத் தரும் ஏற்பாட்டைத் தேனியில் ஒரு பருவம் நடத்திப் பார்க்கலாம். அதற்கு வேண்டியது மாதிரிக் கரும்பைப் பிழிய ஒரு சிறு இயந்திரமும், சர்க்கரை அளக்கும் கருவியும், விவசாயிகள் நம்பும் ஓர் ஆளும்.