உங்களுக்குத் தெரியுமா? 90 வயதிலும் கால் தசை வலுப்பெறும்!

● 10 நாள் படுத்தே இருந்தால் என்ன ஆகும்? 2007-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், சராசரி 67 வயதுள்ள ஆரோக்கியமானவர்களுக்கே கால்களில் சுமார் 1 கிலோ தசை குறைந்தது. அதனால், பெரியவர்கள் காய்ச்சலில் படுத்தால், அது விட்டதும், மருத்துவர் அனுமதித்தால், அவர்களை எழுந்து நடமாட விடுங்கள்.

● இழந்த வலு திரும்பும். 1990-இல் வெளியான ஆய்வின்படி, பாஸ்டன் முதியோர் இல்லம் ஒன்றில் 90 வயதை ஒட்டியவர்கள் 8 வாரம் எடைப் பயிற்சி செய்தார்கள். பயிற்சியை முடித்த 9 பேரின் கால் வலு சராசரியாக 174% கூடியது. இருவர் கைத்தடியையே விட்டுவிட்டார்கள்!

● 70 முதல் 89 வயது வரையுள்ள 1,635 பேரிடம் நடந்த ‘லைஃப்’ ஆய்வின் (2014) முடிவு: நடைப்பயிற்சியோடு வலு, சமநிலைப் பயிற்சிகளும் செய்தவர்களுக்கு, 400 மீட்டர்கூட நடக்க முடியாமல் போகும் அபாயம் 18% குறைந்தது.

நீங்களே சோதிக்கலாம்: நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, 30 விநாடி எழுந்து எழுந்து உட்காருங்கள். 70–74 வயதில் ஆண்கள் 12 முறைக்கும், பெண்கள் 10 முறைக்கும் குறைவாக எழுந்தால் விழும் அபாயம் அதிகம், மருத்துவரைப் பாருங்கள்.

இன்றே தொடங்க: தினமும் நடை. வாரத்தில் 3 நாளாவது வலு, சமநிலைப் பயிற்சி. வேளைதோறும் பருப்பு, சுண்டல், முட்டை, மீன், தயிர் என ஏதாவது ஒரு புரத உணவு. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் புரத அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளவும்.