கோபுரம் யாரைக் கேட்கிறது?

வித்துரா கடைத்தெருவில் தெளிவாகப் பேசும் செல்போன், பொன்முடிச் சாலையில் ஏறத் தொடங்கியதும் ஒரு வளைவில் கேட்கும். அடுத்த வளைவில் அறுந்துவிடும். தோட்டத்து லயங்களில் வாழும் நம்மவர்கள் ஊருக்குப் பேச மேடான இடம் தேடி நடப்பதைப் பார்த்திருக்கிறேன். மலை அலையை மறைக்கிறது என்பது தெரிந்ததே. ஆனால் நம் கையில் அலை எப்படிக் கிடைக்கிறது என்பது கோபுரத்துக்கு எவ்வாறு தெரியும்? நம் போன்தான் சொல்கிறது.

4ஜி முறையில், யாருக்கு எந்த அலைப்பகுதியில் அனுப்புவது என்பதைக் கோபுரம் வினாடிக்கு 1000 முறை முடிவு செய்கிறது. அதற்கு உதவியாக ஒவ்வொரு போனும் தன் நிலைமைக்கு 0 முதல் 15 வரை ஒரு மதிப்பெண் அனுப்பும். இதற்கு 4 பிட் போதும். ஆனால் 10 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையை 9 பகுதிகளாகப் பிரித்து, மொத்தத்துக்கு ஒன்றும் பகுதிக்கு ஒன்றுமாக மதிப்பெண் கேட்டால் 40 பிட் ஆகிவிடும். நூறு போன்கள் அடிக்கடி இப்படிச் சொன்னால், நிலைமை சொல்வதிலேயே பாதை நிறைந்துவிடும், பேட்டரியும் கரையும்.

இதைக் குறைக்க வழிகள் உண்டு. பகுதிக்கு முழு மதிப்பெண் தராமல், மொத்த மதிப்பெண்ணிலிருந்து எவ்வளவு கூடுதல், எவ்வளவு குறைவு என்று 2 பிட்டில் சொன்னால் 40 பிட் 22 ஆகிறது. சிறந்த சில பகுதிகளை மட்டும் குறிப்பிடுவது இன்னொரு வழி. இவ்விரண்டும் 4ஜி விதிகளிலேயே உள்ளன.

மூன்றாவது வழி நம் சங்கத்துக்குப் பழக்கமானது. பொங்கல் விழாவுக்கு எல்லாக் குடும்பங்களும் செயலாளருக்குப் போன் செய்தால் என்ன ஆகும்? "வர இயலாதவர்கள் மட்டும் தெரிவிக்கவும்" என்று ஒரு வரி போட்டால் வேலை முடிந்தது. அதுபோல, நிலைமை ஓர் அளவுக்கு மேல் நன்றாக இருக்கும் போன்கள் மட்டும் சொன்னால் போதும் என்று டேவிட் கெஸ்பெர்ட், முகமது ஸ்லிம் அலூயினி ஆகியோர் 2004ல் எழுதினர். மௌனமும் ஒரு செய்திதானே!

இதில் ஒரு சங்கடம் உண்டு. பள்ளத்தில் இருப்பவரின் போன் அந்த அளவை எட்டாமல் என்றும் மௌனமாகவே இருந்துவிடும். கடைத்தெருக்காரருக்கே எல்லாம் போய்ச் சேரும்.

இதற்கு மருந்து கோபுரத்திடமே இருக்கிறது. ஒவ்வொருவருக்கும் போகவேண்டிய செய்தி எவ்வளவு காத்திருக்கிறது என்பதை அது யாரையும் கேட்காமலே அறியும். தொடர்பு கிடைப்பவர்களுள் மிக நீண்ட வரிசைக்கு முதலிடம் தரும் முறையை டாசியுலாஸ், எஃப்ரெமிடிஸ் இருவரும் 1993ல் ஆராய்ந்தனர். அதையே சற்று நீட்டி, நீண்ட வரிசை உள்ளவர்களிடம் மட்டும் நிலைமை கேட்கலாம். கேள்வியும் குறையும், காத்திருப்பவரும் மறக்கப்படமாட்டார்.

அலையே எட்டாத இடத்துக்கு இந்தக் கணக்கு உதவாது. அங்கே புதுக் கோபுரம்தான் வேண்டும். ஆனால் மெல்லிய அலையாவது எட்டும் லயத்து வீட்டில், பேரனின் குரல் அறுந்து போகாமல் வருவதற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணமாகலாம்.