அச்சு அசலாக ஒரு பந்தய மோட்டார் சைக்கிள்

காஞ்சிபுரம் காந்தி சாலையில் சில புல்லட் வண்டிகளைப் பார்த்திருப்பீர்கள். கைப்பிடி தாழ்ந்திருக்கும், இருக்கை சிறுத்திருக்கும், ஓட்டுபவர் பெட்ரோல் டாங்கின் மேல் கவிழ்ந்து படுத்தாற்போல் செல்வார். "சார், இது அந்தக் காலத்து இங்கிலாந்து ரேஸ் வண்டி மாதிரி. இப்படி மாற்றினால் அதே வேகம் போகுமா?" என்று என் மாணவர் ஒருவர் கேட்டார். ஒன்றைப் போலவே மற்றொன்றைச் செய்ய வேண்டுமானால் எதைப் போலச் செய்ய வேண்டும்? வடிவத்தையா, உள்ளே இருக்கும் இயற்பியலையா? வாருங்கள், பார்ப்போம்.

அசல் எது?

ஒரு காலத்தில் இங்கிலாந்துத் தொழிற்சாலைகள் சில, தாங்கள் பந்தயத்தில் ஓட்டிய வண்டியைப் போன்றே வண்டிகள் செய்து, பணம் கொடுத்து வாங்கும் எவருக்கும் விற்றன. அவற்றுள் புகழ்பெற்றது மேங்ஸ் நார்ட்டன். 498 கன செ.மீ. கொள்ளளவும் ஒரே சிலிண்டரும் உடைய இது, 1960ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஏறத்தாழ 50 குதிரைத் திறன் தந்தது. அதன் தயாரிப்பு நின்று அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும், இங்கிலாந்தில் சிறு பட்டறைகள் அதை ஒவ்வோர் உறுப்பாகப் புதிதாய்ச் செய்து வருகின்றன.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் ஊரிலிருந்து வாலாஜாபாத் வழியாகச் சென்றால் ஒரகடம். 1960களின் நடுவில் இங்கிலாந்தில் ராயல் என்ஃபீல்டு நிறுவனம் 250 கன செ.மீ. கொண்ட 'கான்டினென்டல் ஜிடி' என்ற வண்டியைச் செய்தது. 1970இல் அங்கே அந்நிறுவனம் மூடப்பட்டது. ஆனால் 1950களின் நடுவிலிருந்து சென்னை திருவொற்றியூரில் புல்லட் செய்துவந்த கிளை பிழைத்துக்கொண்டது. அதுவே 2013இல் ஒரகடத்தில், பழைய ஜிடியின் சாயலில், அதே பெயரில் 535 கன செ.மீ. வண்டியைச் செய்தது. 2018இல் இரண்டு சிலிண்டர்களுடன் 648 கன செ.மீ. வண்டியும் வந்தது. 2021 முதல் இவ்வண்டிகளுக்கென்றே தனிப் பந்தயமும் தொடங்கியது. ஸ்ரீபெரும்புதூருக்கு அப்பால் இருங்காட்டுக்கோட்டையில் உள்ள 3.7 கி.மீ. ஓடுதளத்திலும் அது நடந்திருக்கிறது.

கவிழ்ந்து படுப்பது ஏன்?

ஓடும் வண்டியைக் காற்று தடுக்கிறது. இத்தடையை வெல்லத் தேவையான திறன், வேகத்தின் மும்மடிக்கு ஏற்பப் பெருகும். வேகம் இரு மடங்கானால் தேவைப்படும் திறன் எட்டு மடங்கு! நிமிர்ந்து அமர்ந்தால் காற்றில் மோதும் பயனுறு பரப்பு 0.6 சதுர மீட்டர் என்றும், கவிழ்ந்தால் 0.4 என்றும் உத்தேசமாகக் கொள்வோம். மணிக்கு 144 கி.மீ. வேகத்தில் முன்னதற்குச் சுமார் 31 குதிரைத் திறன் வேண்டும். பின்னதற்கு 21 போதும். அதாவது, குனிவதாலேயே பத்துக் குதிரைகள் மிச்சம்.

ஆனால் காந்தி சாலையில் மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் போனால்? மிச்சம் வெறும் 120 வாட். மணிக்கட்டு வலிதான் கண்ட பலன்!

உள்ளே நடப்பது என்ன?

மேங்ஸ் வண்டியில் 1954 முதல் பிஸ்டன் மேலும் கீழும் செல்லும் தூரம் 85.6 மி.மீ. நிமிடத்திற்கு 7000 சுற்றுகள் என்றால், பிஸ்டனின் சராசரி வேகம் விநாடிக்கு 20 மீட்டர். ஒவ்வொரு சுற்றிலும் அது இருமுறை நின்று திரும்புகிறது. அப்போது ஏற்படும் முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் இரண்டாயிரம் மடங்குக்கும் மேல்! கால் கிலோ எடையுள்ள பிஸ்டன் என்றால், அரை டன் பாரம் இணைப்புத் தண்டை இழுப்பதற்குச் சமம். சாதாரண வண்டியின் உறுப்புகளை வைத்துக்கொண்டு இவ்வளவு சுற்றினால் தண்டு முறியும். வால்வுகளும் சொன்ன நேரத்தில் மூடாமல் பின்தங்கும். அதனால்தான் மேங்ஸில் வால்வுகளை இயக்கும் கேம் தண்டுகளைச் சிலிண்டரின் தலைக்கு மேலேயே வைத்தார்கள். இடையே நீண்ட தள்ளுதண்டுகள் இல்லை. எனவே அசைக்க வேண்டிய நிறை குறைவு.

அடுத்தது சட்டம். வளைவில் சாயும்போது சட்டம் முறுக்கினால் இரு சக்கரங்களும் ஒரே தளத்தில் நில்லாமல் வண்டி தள்ளாடும். 1950இல் நார்ட்டனுக்காக வட அயர்லாந்தின் மெக்கேண்ட்லெஸ் சகோதரர்கள் அமைத்த சட்டத்தில், இரண்டு எஃகுக் குழாய் வளையங்கள் என்ஜினைத் தொட்டில்போல் அணைத்திருந்தன. குழாய் ஏன்? மூங்கிலை நினைத்துப் பாருங்கள். பொருள் மையத்தை விட்டு விலகி இருக்க இருக்க, அதே எடையில் வளையாமை கூடுகிறது.

மறந்துபோன உறுப்பு

கல்லூரியில் படித்தபோது நானும் என் சித்தப்பாவின் பழைய வண்டியில் கைப்பிடியைத் தாழ்த்தினேன். கால் வைக்கும் கட்டையைப் பின்னுக்கு நகர்த்தவில்லை. பிரேக்கைத் தொடவே இல்லை. ஒருநாள் மாலை வாலாஜாபாத் சாலையில் மாடு ஒன்று குறுக்கே வந்தது. உடல் முன்னே சாய்ந்திருந்ததால் கால் பிரேக்கைத் தேடியது. கிடைத்தபோது வண்டி பள்ளத்தில் இருந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு.

கணக்கு எளிது. ஆளும் வண்டியுமாக 250 கிலோ, வேகம் மணிக்கு 108 கி.மீ. என்றால் இயக்க ஆற்றல் 1,12,500 ஜூல். ஒரு லிட்டர் தண்ணீரின் வெப்பநிலையை 27 டிகிரி உயர்த்தப் போதுமான இந்த ஆற்றலைப் பிரேக் சில விநாடிகளில் வெப்பமாக்கி வெளியேற்ற வேண்டும். வேகம் இரு மடங்கானால் ஆற்றலும், நிற்கும் தூரமும் நான்கு மடங்கு. பழைய டிரம் பிரேக் சூடேறினால் டிரம் விரிந்து கட்டையை விட்டு விலகும், பிடிப்புத் தளரும். ஆகவே ஒரகடத்துப் பொறியாளர்கள் பழைய ஜிடியின் தோற்றத்தைப் போற்றினார்கள்; பிரேக்கைப் போற்றவில்லை! முன்னும் பின்னும் டிஸ்க் பிரேக் வைத்தார்கள். எதைப் பின்பற்றக் கூடாது என்று அறிவதும் நகல் எடுப்பவரின் திறமைதான்.

செய்து பாருங்கள்

நம் தெருக்களில் நெசவாளர்கள் அதிகாலையில் பாவை நீட்டிக் கட்டுவதைக் கண்டிருப்பீர்கள். எல்லா இழைகளிலும் இழுவிசை ஒன்றாக இல்லாவிட்டால் சேலை சுருங்கும். கம்பிச் சக்கரமும் அப்படியே. உங்கள் சைக்கிளை நிறுத்தி, ஒரே பக்கத்து ஸ்போக்ஸ் கம்பிகளை விரல் நகத்தால் மெல்லத் தட்டுங்கள். இழுவிசை நான்கு மடங்கானால் அதிர்வெண் இரு மடங்காகும். எனவே மந்தமாக ஒலிக்கும் கம்பி தளர்ந்த கம்பி. அக்கம்பியைக் குறித்துக்கொண்டு, கோட்டம் எடுக்கும் கடைக்காரரிடம் காட்டுங்கள். பந்தய வண்டி செய்பவரின் முதல் பாடம் அது!