பாசியும் பச்சைப் பானமும்

பாசி என்னுஞ் சொல் தமிழில் மிகப் பழையது. பசுமை, பச்சை, பாசிலை, பாசடை என்பன போல இதுவும் நிறங் குறித்துப் பிறந்த பெயராகும். குறுந்தொகையிலே பரணர், நீர் முகக்குமிடத்து ஒதுங்கிப் பின் மீளச் சூழ்ந்துகொள்ளும் பாசியைத் தலைவியின் பசலைக்கு உவமையாக்கினார். அப் பாட்டிற் காணப்படும் ஊரார் பாசியை விலக்கி நீரை உண்டனர். இன்றோ பாசியையே நீரிற் கலந்து பருகுமாறு உலகம் நம்மைத் தூண்டுகின்றது. கடைகளிலே பச்சைப் பொடி நிறைந்த பேணிகள் அடுக்கப்பட்டிருக்கின்றன. கடல் கடந்து வாழும் பழைய மாணவர், ஊரிலுள்ள தாய் தந்தையர்க்கு அவற்றை அன்போடு அனுப்புதலும் உண்டு. ஆதலின், இப் பொடி யாது, இதனைக் கொண்டு வீட்டிலே நற்பானம் ஆக்குவது எங்ஙனம், இதனிடம் எதிர்பார்க்கலாகாதது எது என்பவற்றை ஆராய்தல் பயனுடையதாகும்.

மேனாட்டார் "ஸ்மூதி" என வழங்குவது, கனிகளையும் பச்சை இலைகளையும் தயிரோடேனும் பாலோடேனும் நீரோடேனும் சேர்த்து, சக்கையை வடித்தெறியாது மென்மையாக அரைத்தெடுக்கும் தடித்த பானமாகும். சாறு பிழிதல் வேறு, இது வேறு. சக்கையென நாம் எறிவதிலேயே குடலுக்கு நலஞ் செய்யும் நார் இருக்கின்றது. கனியின் இனிப்பு இரத்தத்தில் விரைந்து ஏறாது தடுப்பதும் அந் நாரே. இப் பானத்திற் சிறிது பாசிப் பொடியைக் கலக்கும் வழக்கம் அண்மைக் காலத்திற் பரவியது.

பாசி எனப்படுவன யாவும் ஓரினத்தனவல்ல. கடைப் பொடிகளுட் பெருவழக்காயுள்ளவை இரண்டு. ஒன்று ஸ்பைருலினா என்னும் சுருட்பாசி. உருப்பெருக்கியின் கீழ் நோக்கின், திருகாணி போலச் சுருண்ட நுண்ணிழையாகத் தோன்றும். இது நீலப்பச்சைப் பாசிகளைச் சேர்ந்தது. இன்றைய அறிவியலார் இதனைப் பற்றீரியாக்களோடு வைத்தெண்ணுவர். மற்றையது குளோரெல்லா; உருண்டை வடிவான ஒருகல உயிர், மெய்யான பச்சைப் பாசி. இதன் கலச்சுவர் தடித்ததாகலின், சுவருடைத்த பொடியே எளிதிற் செரிக்கும்.

மூன்றாவதாகக் கடற்பாசிகளையுங் கூறல் வேண்டும். அவற்றுள் ஒன்று நம் பெயரையே தாங்கியது. கிராசிலாரியா என்னும் செம்பாசி இனத்தைச் சேர்ந்த ஒரு பாசியைப் பத்தொன்பதாம் நூற்றாண்டு மருந்து நூல்கள் "இலங்கைப் பாசி" என்றும் "யாழ்ப்பாணப் பாசி" என்றும் குறித்தன. வேகவைத்தால் கூழாகி, ஆறியபின் உறைந்து நிற்கும் தன்மை வாய்ந்தது அது. எனினும் அதன் பயன் பானத்தைத் தடிப்பாக்குவதும் நார் சேர்ப்பதுமேயாம்; சுருட்பாசியோடு அதனை ஒன்றாக எண்ணலாகாது.

சுருட்பாசியை உண்டல் புதுமையன்று. மெக்சிக்கோவிலே தெஸ்கோக்கோ ஏரியின் மேற்பரப்பிலிருந்து அஸ்தெக்கு மக்கள் இதனை வலையால் வாரியெடுத்து, உலர்த்தி, அடையாக்கி உண்டனர். பதினாறாம் நூற்றாண்டில் அங்குச் சென்ற ஸ்பானியர் சந்தையில் இவ்வடை விற்கக் கண்டு எழுதிவைத்தனர். ஆபிரிக்காவிலே சாட் ஏரியை அண்டி வாழும் கனெம்பு மக்கள் இதனைத் "திஹே" என்பர். பெண்கள் நீரை முகந்து, மணலில் ஊற்றி உலர்த்தி, துண்டுகளாக்கிச் சந்தைக்குக் கொண்டு செல்வர். அது தினைக்களியோடு உண்ணும் குழம்பிற் சேரும். பெல்ஜியத் தாவரவியலறிஞர் ஷான் லெயொனார் 1964, 1965ஆம் ஆண்டுகளிற் சகாராப் பயணக் குழுவொன்றோடு சென்று இதனை ஆராய்ந்த பின்னரே உலகம் மீளவும் இதனிற் கருத்தூன்றியது.

இவ்வரலாற்றிலே உற்றுநோக்கற்பாலது ஒன்றுண்டு. இப் பாசி வளரும் நீர் உவர்ப்பும் காரமும் மிக்கது. அத்தகைய நீரிற் பிற நுண்ணுயிர்கள் எளிதில் வாழா. சுருட்பாசியோ செழித்து வளரும். இக்காலத்துப் பண்ணைகளும் அதே காரநீரைத் தொட்டிகளில் ஆக்கியே இதனை வளர்க்கின்றன. நம் கிணற்றிலும் குளத்திலும் படரும் பச்சை வேறு. நன்னீர்க் குளங்களில் வெயிற் காலத்தே பச்சை வர்ணம் ஊற்றினாற்போற் படர்வது பெரும்பாலும் மைக்குரோசிஸ்ரிஸ் என்னும் நீலப்பச்சைப் பாசியாகும். கொழும்பிலுள்ள பேர வாவியின் பச்சை நிறத்துக்கும் அதுவே காரணம். அது ஈரலைத் தாக்கும் நஞ்சைச் சுரக்க வல்லது. அந் நஞ்சு கொதிக்கவைத்தாலும் அழியாது. குடிநீர் ஒரு லீற்றரில் அந் நஞ்சு 1 மைக்குரோகிராமுக்கு மேற்படலாகாது என உலக சுகாதார நிறுவனம் வரையறுத்துள்ளது. அறிவியல் ஆர்வமிக்க மாணவர், "பாசிதானே" என்றெண்ணிக் குளத்துப் பாசியை உலர்த்தி உண்ண ஒருபோதும் முயலலாகாது. கடையில் வாங்குவோரும், இன்ன பண்ணையில் வளர்ந்தது, இன்ன சோதனைக்கு உட்பட்டது என்னும் விவரமில்லாப் பொடியை வாங்காதிருத்தலே நன்று.

இனி, இப் பொடி தரும் ஊட்டம் எவ்வளவு என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். உலர்ந்த சுருட்பாசியின் நிறையில் அரைப்பங்குக்கு மேற்பட்டது புரதம். இதனைக் கேட்டோர் வியப்புறுவர். விளம்பரமும் இத்துடன் நின்றுவிடும். ஆனால் நாம் உண்பது எத்துணை? ஒரு மேசைக்கரண்டிப் பொடி ஏறத்தாழ 7 கிராம். அதிலுள்ள புரதம் 4 கிராம், இரும்பு 2 மில்லிகிராம். பானத்திற் கலப்பதோ ஒரு தேக்கரண்டி. அஃதாவது அதன் மூன்றிலொரு பங்கு. ஆகவே கிடைக்கும் புரதம் ஒன்றரைக் கிராமுக்கும் குறைவு. 30 கிராம் பயற்றிலே 7 கிராமளவு புரதமுண்டு. 200 மில்லிலீற்றர் பாலிலே 6 கிராமுக்கு மேலுண்டு. விலையையும் எடுத்து நோக்கின், ஏழை மாணவனின் புரதத்துக்குப் பயறே துணை என்பது விளங்கும். 1950ஆம் ஆண்டுகளில் அமெரிக்க அறிஞர் சிலர் குளோரெல்லா உலகப் பசியைத் தீர்க்குமென நம்பினர். 1953இல் கார்னகி நிறுவனம் அதனை வளர்ப்பது பற்றிப் பெருநூலொன்றும் வெளியிட்டது. வளர்ப்புச் செலவு மிகுதியால் அந் நம்பிக்கை நிறைவேறவில்லை.

அங்ஙனமாயின் இப் பானத்தால் நன்மை இல்லையோ எனின், உண்டு. அந் நன்மையிற் பெரும்பங்கு இலையாலும் கனியாலும் தயிராலும் வருவது. பாசி அதற்கொரு சிறு துணை. இனி ஆக்கும் முறையைக் கூறுவாம்.

இருவர்க்கு வேண்டுவன: கொதித்தாறிய நீர் அல்லது இளநீர் ஒரு கோப்பை, தயிர் அரைக் கோப்பை, கனிந்த வாழைப்பழம் சிறியன இரண்டு, பப்பாசிப்பழத் துண்டுகள் ஒரு கோப்பை, வல்லாரை அல்லது பசளி இலை ஒரு கைபிடி, வறுத்துத் தோல் நீக்கிய நிலக்கடலை ஒரு மேசைக்கரண்டி, தேசிக்காய்ச் சாறு ஒரு தேக்கரண்டி, சுருட்பாசிப் பொடி அரைத் தேக்கரண்டி. சீனி வேண்டுவதில்லை, பழத்தின் இனிப்பே போதியது.

வல்லாரை ஈரநிலத்திற் படர்வது. பச்சையாக உண்ணப்படுவதாகலின், தண்டையும் வேரையும் நீக்கி, இலைகளைத் தூய நீரில் மும்முறை அலசுக. முதலில் நீரையும் இலையையும் மட்டும் அரைக்கும் இயந்திரத்தில் இட்டு நன்கு அரைக்க. இலையோடு பழத்தையும் ஒருங்கே இட்டால் இலை துண்டு துண்டாக எஞ்சி நாவில் ஒட்டும். இலை மசிந்தபின் பழத்தையும் கடலையையும் தயிரையும் இட்டு மீள அரைக்க. பொடியை உலர்ந்தவாறே தூவின் அது கட்டிபட்டுப் பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும். ஆதலின் ஒரு கரண்டி நீரிற் குழைத்து, இறுதியில் தேசிக்காய்ச் சாற்றோடு சேர்த்து, அரை நிமிடம் சுழற்றுக. ஆக்கியவுடன் பருகுதல் வேண்டும். சுருட்பாசியின் நீல நிறப்பொருள் வெப்பத்தாற் சிதையும். எனவே கொதிக்கும் கஞ்சியில் இதனைக் கலவற்க.

ஒவ்வொரு பொருளுக்கும் காரணமுண்டு. இலையிலும் பாசியிலுமுள்ள இரும்பை உடல் எளிதில் ஏற்காது. தேசிக்காயிலும் பப்பாசியிலுமுள்ள விற்றமின் சீ அதனை ஏற்கச் செய்யும். தேநீரோ அதனைத் தடுக்கும். பானம் பருகி ஒரு மணி நேரம் கழிந்தபின் தேநீர் அருந்துக. இலையின் கரோட்டீன் உடலிற் சேரச் சிறிது கொழுப்பு வேண்டும். அதன் பொருட்டே கடலை. பாசியின் குளத்து மணத்தை வெறுப்போர் அன்னாசித் துண்டு சேர்க்கலாம். ஆயினும் அன்னாசியும் தயிரும் கலந்த பானம் சிறிது நேரம் நின்றாற் கைக்கும் என்பதை நினைவிற் கொள்க.

இவ்விடத்தே, சைவ உணவினர் அனைவரும் கருதவேண்டிய செய்தியொன்றைக் கூறுகின்றேன். இரத்தமும் நரம்பும் நலமாயிருக்க விற்றமின் பீ-12 இன்றியமையாதது. வளர்ந்தோர்க்கு நாளொன்றுக்கு 2.4 மைக்குரோகிராம் போதும். ஆனால் அது இலையிலும் கனியிலும் பருப்பிலும் இல்லை. புலாலுண்ணாதார்க்குப் பாலும் தயிருமே அதற்கு வாயில். சுருட்பாசிப் பேணிகள் சிலவற்றில் "பீ-12 நிறைந்தது" என அச்சிட்டிருப்பர். அஃது எண்ணிக்கையளவில் உண்மை; பயனளவில் உண்மையன்று. சில நுண்ணுயிர்களின் வளர்ச்சியைக் கொண்டு பீ-12ஐ அளக்கும் பழைய முறை, அதனை ஒத்த வேறொரு பொருளையும் சேர்த்தெண்ணிவிடும். சுருட்பாசியிற் பெரும்பாலும் இருப்பது அவ்வொத்த பொருளே. அது மனித உடலில் வேலை செய்யாது. பூட்டிற் புகுந்தும் திறக்காத திறவுகோல் போல்வது அது.

இதனால் விளையக்கூடிய கேடு சிறிதன்று. முதுமையில் இரைப்பையின் ஆற்றல் குன்றுதலால், உணவிலுள்ள பீ-12 முழுவதும் உடலிற் சேராது. பாதம் மரத்தல், நடை தளர்தல், மறதி, சோகை என்பன மெல்லத் தோன்றும். பச்சை இலையிலே போலிக்கமிலம் மிகுதியாக உண்டு. அது சோகையை மட்டும் மறைத்து, நரம்பின் கேட்டை மறைவில் வளரவிடவுங் கூடும். மகன் அனுப்பிய பச்சைப் பொடியை நம்பி, பாலையும் தயிரையும் நிறுத்திய தாய், "முதுமைதானே" என்று இக் குறிகளைப் பொறுத்திருப்பின், சிகிச்சைக்குரிய காலம் கடந்துவிடும். ஓர் இரத்தப் பரிசோதனை குறையைக் காட்டும்; மாத்திரையோ ஊசியோ அதனைத் தீர்க்கும். பொடி அனுப்பும் அன்பர்கள் அப் பரிசோதனைக்கும் பெற்றோரைத் தூண்டுவாராக.

இப் பானம் எல்லார்க்கும் ஏற்றதுமன்று. சிறுநீரகக் கல்லுடையோர், ஒட்சலேற்று மிக்க பசளி முதலிய இலைகளைப் பச்சையாக நாடோறும் பருகலாகாது. குருதி உறையாதிருக்க வார்பரின் உண்போர்க்கு, இலையிலும் குளோரெல்லாவிலுமுள்ள விற்றமின் கே மருந்தின் ஆற்றலைக் குறைக்கும். பீனைல்கீற்றோனூரியா என்னும் பிறவி நோயுடையோர் சுருட்பாசியை விலக்கல் வேண்டும். கருவுற்றோரும், குழந்தைகட்குக் கொடுக்க விரும்புவோரும் மருத்துவரை வினவிய பின்னரே தொடங்குக. நீரிழிவுடையோர் பழத்தைப் பாதியாக்கி இலையையும் தயிரையும் கூட்டுக.

பொடி வாங்க இயலாதோர் வருந்த வேண்டுவதில்லை. வல்லாரையும் முசுமுசுக்கையும் இடித்துச் சாறெடுத்து, அரிசிக் கஞ்சியிலே தேங்காய்ப் பாலோடு கலந்து நம் அன்னையர் தந்த இலைக்கஞ்சியும் பச்சைப் பானமே. அதில் இலையுண்டு, கொழுப்புண்டு. தேசிக்காய் பிழிந்தால் விற்றமின் சீயுமுண்டு. அதனோடு ஒரு கிண்ணந் தயிரும் ஒரு பிடி அவித்த பயறும் சேரின், பேணியிலுள்ள பொடி செய்வதைக் குறைந்த செலவில் மிகுதியாகவே செய்யும்.

பச்சை நிறம் கண்ணுக்கு இனியது. ஆயினும் நிறத்தைக் கொண்டு குணத்தைத் துணிதல் கற்றோர்க்கு அழகன்று. பேணியின் மேலுள்ள எழுத்தைப் படித்து, அளவைக் கணக்கிட்டு, தம் உடலுக்கு ஏற்றது யாதெனத் தேர்ந்து, நம் மாணவரும் பழைய மாணவரும் இப் பானத்தை ஆக்கிப் பருகுவாராக. வீட்டிலுள்ள முதியோர்க்கும் அவ்வாறே தேர்ந்து அளிப்பாராக.