ஃபாரடே ஏன் ஒதுங்கினார்?

1843-இல் இத்தாலிய இயற்பியலாளர் மத்தேயூச்சிக்கு மைக்கேல் ஃபாரடே ஒரு கடிதம் எழுதினார். சில ஆண்டுகளாக லண்டன் ராயல் சொசைட்டியின் கூட்டங்களுக்கோ நிர்வாகக் குழுவுக்கோ தாம் போவதில்லை என்கிறார் அதில். உடல்நலக் குறைவு ஒரு காரணம். சங்கத்தின் அப்போதைய அமைப்பு பிடிக்கவில்லை என்பது இன்னொன்று. அறிவியலாளர்கள் மட்டுமே அதில் உறுப்பினராக இருக்கவேண்டும் என்பது அவர் கருத்து. அது எடுபடாததால் நிர்வாகத்திலிருந்து விலகிக்கொண்டார். ஆனாலும், புதிதாக எதையாவது கண்டறிந்தால் கட்டுரையை அங்கேதான் அனுப்பினார்.

அப்படி என்ன கோளாறு? கணிதமேதை சார்லஸ் பாபேஜ் 1830-லேயே இதைப் புத்தகமாக எழுதிப் போட்டு உடைத்திருந்தார். மூன்று உறுப்பினர்களின் கையெழுத்தோடு விண்ணப்பம் பத்துக் கூட்டங்களுக்குச் சங்க அறையில் தொங்கும். பிறகு வாக்கெடுப்பு. கட்டணமாக ஐம்பது பவுண்டு கட்டினால் பெயருக்குப் பின்னால் எஃப்.ஆர்.எஸ். (ராயல் சொசைட்டி உறுப்பினர்) என்பது ஒட்டிக்கொள்ளும். பிரபுக்களுக்கு இந்தக் காத்திருப்புகூட இல்லை. ஒரு சோதனைகூடச் செய்து பார்க்காத கனவான்கள் இப்படித்தான் அங்கே நிறைந்தார்கள்.

ஃபாரடே உள்ளே வந்த கதை வேறு. கொல்லரின் மகன், புத்தகம் பைண்டு செய்யும் கடையில் தொழில் பழகியவர். 1823-இல் அவருக்காக நண்பர்கள் விண்ணப்பம் தொங்கவிட்டபோது, எதிர்த்தவர் சங்கத் தலைவரும் அவருடைய குருவுமான ஹம்ப்ரி டேவி. மின்காந்தச் சுழற்சி பற்றிய ஆய்வில் இன்னோர் அறிவியலாளரான வொல்லஸ்டனின் எண்ணத்தை ஃபாரடே எடுத்துக்கொண்டார் என்று அப்போது ஒரு பேச்சு இருந்தது. விண்ணப்பத்தை இறக்கச் சொன்னார் டேவி. “நான் ஏற்றவில்லை, நான் எப்படி இறக்குவது?” என்ற பொருளில் பதில் வந்தது. முன்மொழிந்தவர்களிடம் சொல்லி இறக்கச் சொன்னார் டேவி. அவர்கள் இணங்கமாட்டார்கள் என்றார் ஃபாரடே. அப்படியானால் தலைவர் என்ற முறையில் நானே இறக்குகிறேன் என்றார் டேவி. சங்கத்துக்கு நல்லது எதுவோ அதையே நீங்கள் செய்வீர்கள் என்று சொல்லி முடித்துக்கொண்டார் சீடர். 1824 ஜனவரியில் வாக்குகளை எண்ணியபோது எதிராக விழுந்தது ஒன்றே ஒன்று.

இவ்வளவு பாடுபட்டு நுழைந்தவர், தம் பட்டங்களைப் பற்றி 1838-இல் எழுதும்போது, எஃப்.ஆர்.எஸ். ஒன்றுதான் தாமே நாடிப் பணம் கட்டிப் பெற்றது, மற்றவை தாமாக வந்தவை என்றார். தனக்குக் கிடைத்துவிட்ட கௌரவத்தைப் பற்றி இப்படிப் பேச நெஞ்சுரம் வேண்டும். அறிவியலாளர்களுக்கு மட்டுமே என்று வாசலைக் குறுக்கச் சொன்னது, பிறப்பையும் பணத்தையும் பார்த்து ஆளெடுக்கும் வழக்கத்துக்கு எதிரானதாகவே எனக்குப் படுகிறது. ஏழை வீட்டுப் பிள்ளைக்கு அதைவிடப் பெரிய ஆதரவு இருக்க முடியாது.

விடிவு 1847-இல் வந்தது. அறிவியலாளர் வில்லியம் குரோவ் போன்றவர்களின் விடாமுயற்சியால் விதிகள் மாறின. ஆண்டுக்குப் பதினைந்து பேருக்குமேல் கூடாது. ஆறு உறுப்பினர்கள் கையெழுத்திட வேண்டும். அவர்களில் மூவராவது வேட்பாளரை நேரில் அறிந்திருக்க வேண்டும். பிரபுக்களின் சலுகை மட்டும் 1874 வரை தப்பிப் பிழைத்தது. பின்னாளில் தலைவர் பதவியே தேடி வந்தபோதும் ஃபாரடே மறுத்துவிட்டார்.

கும்பகோணத்தில் வளர்ந்த கணிதமேதை ராமானுஜன் 1918-இல் எஃப்.ஆர்.எஸ். ஆனபோதும் ஆண்டுக்குப் பதினைந்து பேர் என்ற அந்த வரம்பு மாறவில்லை. அந்த ஆண்டின் பதினைந்து பேரில் அவர் ஒருவர்.