விடை தெரியாத ஆசிரியருக்கு என்ன பயிற்சி?

ஆறாம் வகுப்புக்கு அறிவியல் எடுப்பவர் அறிவியல் படித்தவராகத்தான் இருப்பார் என்று நினைப்போம். 1970களில் மத்தியப் பிரதேசக் கிராமங்களில் அப்படியில்லை. பள்ளிப் படிப்போடு அறிவியலைக் கைகழுவியவர்களும் அங்கே அந்தப் பாடத்தை எடுத்தார்கள். அவர்களை நம்பித்தான் 1972-ல் ஹோஷங்காபாத் மாவட்டத்தின் 16 நடுநிலைப் பள்ளிகளில் ஒரு திட்டம் தொடங்கியது. இன்று அந்த மாவட்டத்தின் பெயர் நர்மதாபுரம். கிஷோர் பாரதி, ரசூலியாவின் ஃபிரெண்ட்ஸ் ரூரல் சென்டர் என்ற இரு தன்னார்வ அமைப்புகள் முன்னின்றன. மாநில அரசு தன் பள்ளிகளைத் திறந்துவிட்டது. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், டெல்லி பல்கலைக்கழகம் ஆகியவற்றின் அறிவியலாளர்கள் கைகொடுத்தார்கள்.

திட்டத்தின் உயிர்நாடி கோடை விடுமுறைப் பயிற்சி. வாரக்கணக்கில் நடக்கும் அந்த முகாமில் சொற்பொழிவுக்கு இடமில்லை. பிள்ளைகள் செய்யவேண்டிய சோதனைகளை, அதே ‘பால் வைக்யானிக்’ பாடநூலை வைத்துக்கொண்டு ஆசிரியர்களே சிறு குழுக்களாக உட்கார்ந்து செய்வார்கள். அந்த நூலில் கேள்விகள் உண்டு, விடைகள் அச்சாகியிருக்காது. ஒரே மேசையைப் பத்துப் பேர் அளந்தால் பத்து அளவு வரும். எது சரி என்று பயிற்றுநரைப் பார்த்தால், “ஏன் மாறுகிறது, நீங்களே சொல்லுங்கள்” என்று திருப்பிக் கேட்பார். பிள்ளைகள் முன்னால் ‘தெரியாது’ என்று சொல்ல அஞ்சும் ஆசிரியருக்கு இதைவிடக் கடினமான பாடம் இருக்க முடியாது. அறிவியலாளருக்கும் விடை தெரியாத இடங்கள் வந்தபோதுதான் அந்த அச்சம் கொஞ்சம் விலகியிருக்கும் என்பது என் ஊகம்.

கருவிகளும் எளியவை. பூவைப் பிரித்துப் பார்க்கக் கருவேல முள் போதும். 1978-ல் இங்கே வந்த பொறியாளர் அரவிந்த் குப்தா, தீக்குச்சியையும் சைக்கிள் வால்வு டியூப்பையும் கோத்து வடிவியல் உருவங்கள் செய்து காட்டினார். அவர் பின்னாளில் செய்த பொம்மைகளை இணையத்தில் பார்க்காத அறிவியல் ஆசிரியர் குறைவு.

முகாம் முடிந்ததும் சான்றிதழோடு அனுப்பிவிடும் வழக்கம் அங்கே இல்லை. மாதம் ஒருமுறை வட்டாரத்து ஆசிரியர்கள் கூடுவார்கள். எந்தச் சோதனை வகுப்பில் ஒத்துவரவில்லை, பிள்ளைகள் என்ன கேட்டார்கள் என்பதெல்லாம் அங்கே பேசப்படும்; பாடநூலைத் திருத்தும்போது இவை கைகொடுத்தன. தேர்வும் மாறியது. புத்தகத்தைத் திறந்துவைத்தே எழுதலாம், செய்முறைக்கும் மதிப்பெண் உண்டு. இந்தத் திட்டத்தின் ஆகப் பெரிய சாமர்த்தியம் இதுதான். தேர்வு மனப்பாடத்தைக் கேட்டுக்கொண்டிருந்தால், எவ்வளவு நல்ல பயிற்சி பெற்றவரும் ஜூலையில் பள்ளி திறந்ததும் வினா-விடையைத்தான் எழுதிப்போடுவார். வேறென்ன செய்வார்?

1978-ல் மாவட்டம் முழுவதற்கும் திட்டம் விரிந்தது. 1982-ல் உருவான ஏகலவ்யா அமைப்பு அதை எடுத்து நடத்தியது. பிறகு சுமார் 15 மாவட்டங்கள், ஆயிரம் பள்ளிகள் வரை பரவியது. 2002-ல் மாநில அரசு அதை நிறுத்தியது. பொதுப் பாடநூல் திரும்பி வந்தது.

2020-ன் தேசியக் கல்விக் கொள்கை, ஆசிரியர் ஒவ்வொருவரும் ஆண்டுக்குக் குறைந்தது 50 மணி நேரம் தொழில்சார் பயிற்சி பெறவேண்டும் என்கிறது. அதில் இணையவழிப் பாடங்களும் சேரும். திரையில் ஓடும் சோதனையைப் பார்த்து முடித்தாலும் அந்த மணிக்கணக்கு நிரம்பிவிடும். மேசையை அளந்து பத்துப் பேர் சண்டை போட்டால்கூட அதே அளவு நேரம்தான் பதிவாகும்.