ஊர் பேசும் ஆங்கிலம் – 11: மடிப்பதா, மடக்குவதா?

நெல்லிக்குப்பத்தில் முன்பெல்லாம் கல்யாணமோ காதுகுத்தோ, முதல் நாள் சாயங்காலமே வாடகைப் பாத்திரக் கடை வண்டி வாசலில் வந்து நின்றுவிடும். அண்டா, குண்டான், ஜமுக்காளம் எல்லாம் இறங்கிய பிறகு இரும்பு மடக்கு சேர்கள் இறங்கும். முதுகுப் பலகையில் கடையின் பெயர் பெயின்டில் எழுதியிருக்கும். இறக்குகிற ஆள் கைக்கு இரண்டாகத் தூக்கி வந்து, ஒவ்வொன்றையும் தரையில் ஊன்றி, உட்காரும் பலகையை உள்ளங்கையால் ஓர் அழுத்து அழுத்துவார். ‘டப்’ என்ற சத்தத்தோடு கால்கள் விரிந்து நிற்கும். ஓடி வந்து உதவ நினைக்கும் சிறுவனை, “தள்ளுடா தம்பி, விரல் மாட்டிக்கும்” என்று விரட்டுவார். கீலுக்குள் ஒருமுறையாவது விரல் மாட்டாமல் வளர்ந்தவர்கள் அந்தத் தலைமுறையில் குறைவு.

அந்தச் சேரை ஊர் ‘மடக்கு சேர்’ என்கிறது. ஆங்கிலத்தில் அது ‘ஃபோல்டிங் சேர்’. இணையக் கடைகளில் தேடினால் ‘ஃபோல்டபிள்’ என்ற சொல்லும் வருகிறது. தமிழில் விவரம் தரும் பக்கங்களில் அதுவே ‘மடிக்கக்கூடிய நாற்காலி’ ஆகிவிடுகிறது. இலக்கணத்தில் குற்றம் இல்லை. ஆனாலும் காதில் உறுத்துகிறது. நாற்காலியை யாராவது மடிப்பார்களா?

புடவையை மடிக்கிறோம், வேட்டியை மடித்துக் கட்டுகிறோம், வெற்றிலையை மடித்துக் கொடுக்கிறோம். துவளக்கூடிய பொருள்தான் மடிப்புக்கு வாகாக வரும். மடக்குவதற்கோ ஒரு மூட்டு வேண்டும். கையை மடக்குகிறோம், காலை மடக்கி உட்காருகிறோம், பேனாக்கத்தியை மடக்குகிறோம், மழை விட்டதும் குடையை மடக்குகிறோம். காகிதத்துக்கு மட்டும் இரண்டும் வழங்குகிறது. நாலாக மடித்த கடிதமும் உண்டு, நாலாக மடக்கிய கடிதமும் உண்டு. கீல் வைத்த இரும்புச் சேருக்கு அந்தச் சந்தேகமே கிடையாது. ஆங்கிலம் இவ்வளவையும் ‘ஃபோல்ட்’ என்ற ஒரே வினையில் அடக்கிவிடுகிறது. ஆகவே தமிழாக்குகிறவர் அகராதியைத் திறக்கும் முன் பொருளைப் பார்த்தாக வேண்டும்.

ஆங்கிலம் வேறோர் இடத்தில் நுணுக்கம் காட்டுகிறது. ‘ஃபோல்டிங்’ என்பது பொருளின் வகையைச் சொல்லும்; அந்த வேலைக்கென்றே பிறந்த சேர், கட்டில், கத்தி. ‘ஃபோல்டபிள்’ என்பது மடங்கும் தன்மையைச் சொல்லும். வீட்டுச் சாமான்களில் நெடுங்காலமாக ஊன்றி நிற்பது முதல் சொல்தான். இரண்டாவதற்கு இப்போது பெரிய வாழ்வு வந்திருப்பது கைப்பேசியால். 2019-இல் சாம்சங்கின் கேலக்ஸி ஃபோல்ட் கடைக்கு வந்த பிறகு, ‘ஃபோல்டபிள்’ என்று தனியாகச் சொன்னாலே மடங்கும் போன் என்று புரிந்துகொள்கிறார்கள்.

‘கொலாப்சிபிள்’ என்பதன் கதை இன்னும் சுவாரசியம். சேர்ந்து சரிவது என்பது அதன் லத்தீன் வேர். கட்டடம் ‘கொலாப்ஸ்’ ஆனால் செய்தி. சாமான் ‘கொலாப்சிபிள்’ என்றால் வசதி. 1841-இல் ஜான் காஃப் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர் காப்புரிமை பெற்ற, பிதுக்கப் பிதுக்க ஒடுங்கும் தகர வண்ணக்குழாய் இந்த அடைமொழியோடுதான் பேசப்படுகிறது. நம் ஊரில் இந்தச் சொல் கதவோடு வந்து சேர்ந்தது. பக்கவாட்டில் இழுத்தால் குறுக்குப் பட்டைகள் ஒன்றோடொன்று நெருங்கி ஒடுங்கும் ‘கொலாப்சிபிள் கேட்’ வங்கியிலும் நகைக்கடையிலும் உண்டு. அதை ‘சரியக்கூடிய கதவு’ என்று எழுதினால் காவலாளி பயந்துபோவார். ‘ஒடுங்கு கதவு’ என்றால் கண்முன் வந்து நிற்கும்.

மடக்கு சாமான் ஆங்கிலேயர் கொடுத்த வரம் அல்ல. 1922-இல் கண்டுபிடிக்கப்பட்ட எகிப்திய அரசன் துட்டன்காமுனின் கல்லறையில், கீல் வைத்து மூன்றாக மடங்கும் கட்டில் ஒன்று இருந்தது. மூவாயிரம் ஆண்டுக்கும் மேற்பட்ட மரம். நம்மிடம் இருந்தது பாய். அதை மடக்குவதும் இல்லை, மடிப்பதும் இல்லை, சுருட்டுகிறோம். பகலில் மூலையில் சாத்திய ஒரு சுருள், ராத்திரியில் நாலு பேருக்குப் படுக்கை. இடத்தை மிச்சம் பிடிக்கும் சாமான்களில் அதற்கு நிகர் ஏது?

இரும்புச் சேரின் இடத்தை இப்போது பிளாஸ்டிக் சேர் பிடித்துவிட்டது. ஒரே வார்ப்பில் உருவாகும் இந்த வகைக்கு முன்னோடியாகச் சொல்லப்படுவது, பிரெஞ்சுக்காரர் ஆன்ரி மசோனே 1972-இல் கொண்டுவந்த நாற்காலி. அது மடங்காது, ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கொள்ளும். ஆங்கிலத்தில் ‘ஸ்டாக்கபிள்’, தமிழில் அடுக்கு சேர். அடுக்குப் பாத்திரம், அடுக்குச் சட்டி, அடுக்குமல்லி என்று பழகிய வாய்க்கு இதில் சிரமமே இல்லை.

கழற்றி மாட்டுகிற சாமான் தனி ஜாதி. வியாபாரிகள் ‘நாக்-டவுன்’ என்பார்கள். இதன் புகழ்பெற்ற உதாரணம் இந்திய ஊரின் பெயரையே சுமக்கிறது: ராணுவப் பொறியாளர் படை தங்கியிருந்த ரூர்க்கியின் பெயரால் ‘ரூர்க்கி சேர்’. மரச் சட்டங்களும் கித்தானும் தோல் வாரும் மட்டுமே. பிரித்துக் கட்டினால் ஒரு மூட்டை. டென்மார்க்கின் கோரே கிளிண்ட் 1933-இல் வடிவமைத்த ‘சஃபாரி’ நாற்காலிக்கு இதுதான் மூலம்.

நெல்லிக்குப்பத்திலிருந்து பண்ருட்டி வழியாகப் போனால் வரும் நெய்வேலி நகரியத்தில், இடம் மாறும்போது சாமானை எப்படித் தூக்கிப்போவது என்ற அந்தப் படைக்காரர்களின் கவலை அப்படியே தெரியும். அது 1956-இல் தொடங்கிய பழுப்பு நிலக்கரி நிறுவனத்துக்காக எழுந்த ஊர். குவார்ட்டர்ஸ் வீடு வேலையோடு வந்தது, ஓய்வோடு போவது. கட்டில் வாங்கும்போதே அங்கே பெண்கள் தலைமாட்டைத் தட்டிப் பார்த்து, “ஏங்க, இது போல்ட்டு போட்டதா, ஆணி அடிச்சதா?” என்று கேட்டுக்கொள்வார்கள். போல்ட்டு போட்டதென்றால், காலி செய்கிற நாளில் ஒரு ஸ்பேனர் போதும். நாலு காலும் இரண்டு சட்டமுமாகப் பிரித்த கட்டில், பீரோவுக்கும் பாய்ச் சுருளுக்கும் நடுவே லாரியில் செருகிக்கொண்டு சொந்த ஊருக்குப் புறப்பட்டுவிடும்.

(தொடரும்)